நொடிக்குப் பத்து லட்சம் படங்கள்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் இழுப்பறைக்குள் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். போடுவதற்கு முன்னால் எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பீர்கள் என்பதும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

போன் நமக்கு ஒத்துவரவில்லை. உங்கள் பிள்ளை போய் இரண்டு வருடம் முடிந்த அன்று கூப்பிட்டேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இருக்கறவங்கள விட்டுட்டுப் போனவளுக்கு, போனவன் ஞாபகம் மட்டும் எதுக்கு?" நான் போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கணவனை இழந்தவளும் பிள்ளையை இழந்தவரும் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை.

நான் வரைந்த சிப்பைப் போன வாரம் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டோம். அதிவேக கேமராவுக்கான கண் அது. செய்து வர நான்கு மாதம் ஆகும். ஒரு வருடமாக மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தவள், இப்போது கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் அறை மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு சலவைக் கடையின் பின்பக்கம். பக்கத்து அறைக்காரரை இருமலை வைத்துத்தான் தெரியும். சனிக்கிழமை காலை கடைக்காரர் "பை வேணுமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். திங்கட்கிழமை ஆபீஸ் போகும்வரை நான் வாயைத் திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 2

வக்கீலம்மாவுக்கு,

பிரித்தேன். வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தேன். உள்ளே முழுக்கக் குற்றப்பத்திரிகை என்று அப்போதே தெரிந்தது. இந்த வீட்டில் காலெடுத்து வைத்த அன்றே உனக்கு இந்தப் பெயரைச் சரியாகத்தான் வைத்தேன்.

நான் சௌக்கியம். கிளினிக் நன்றாக நடக்கிறது. கூட்டம் தாங்கவில்லை. சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

நீ கிளம்பிய அன்று நான் வாசலுக்கு வரவில்லை என்பது உன் மனக்குறை. எழுதவில்லை, ஆனாலும் அதுதான் என்று தெரியும். கீழே ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தேன், பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது? உண்மையைச் சொன்னால், அந்தப் பல் எப்போதோ வந்துவிட்டது. உன் டாக்ஸி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அந்த மனிதரை வாய் கொப்பளிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நல்லவர். கேள்வி கேட்காமல் கொப்பளித்தார்.

ஆனால் போனில் நான் பேசியதற்கு வருத்தப்பட மாட்டேன். "இனிமே நான் அங்க வரமுடியாது மாமா" என்று முதலில் சொன்னது யார்? அதுவும் அந்த நாளில். அவனுடைய அப்பா என்பதைத் தவிர எனக்கும் உனக்கும் வேறு உறவு இல்லையா என்று ஆகிவிட்டது.

அது என்ன கேமரா? போட்டோ எடுக்க இத்தனை அவசரம் யாருக்கு?

இப்படிக்கு,
கீழ்வீட்டு டாக்டர்

*

பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னும் நான் அங்க வரமுடியல மாமா" என்றுதான் சொன்னேன். இன்னும். இனிமேல் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று அடுத்த வரியில் சொல்வதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். வாழ்நாள் முழுக்க அந்த டிரில் மிஷினுக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு வார்த்தை தப்பாகக் காதில் விழுந்ததற்கா இத்தனை மாதம்?

திட்டு போதும். கேமராவைச் சொல்கிறேன்.

கண்ணாடியில் ஒரு விரிசல் விழுந்தால் அது துப்பாக்கிக் குண்டைவிட வேகமாக ஓடும். எங்கே ஆரம்பித்தது, எப்படிக் கிளை பிரிந்தது என்று பார்க்க நொடிக்குப் பத்து லட்சம் படம் வேண்டும். சாதாரண கேமரா ஒரு படம் எடுத்ததும் அதைச் சிப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு அடுத்ததை எடுக்கும். இந்த வேகத்தில் அனுப்ப நேரம் கிடையாது. ஆயிரம் பேர் இருக்கும் தியேட்டருக்கு ஒரே ஒரு வாசல் மாதிரி. அதனால் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்திலேயே குட்டிக் குட்டி அறைகள் கட்டிவைக்கிறோம். வெளிச்சம் விழுந்து உண்டாகும் எலக்ட்ரான்கள் படத்துக்கு ஓர் அறையாக உள்ளே நகர்ந்து உட்காரும். நூற்றுச் சொச்சம் அறைகள்தான். நிரம்பியதும் மிகப் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியது வரும். கேமரா இப்படி எடுப்பதும் அழிப்பதுமாகவே இருக்கும். கண்ணாடி உடைந்ததும் 'நிறுத்து' என்று ஒரு சமிக்ஞை போகும். அப்போது அறைகளில் மிச்சம் இருப்பதுதான் நமக்கு. உடைவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து உடைந்த கணம் வரை.

என் வேலை அந்த எலக்ட்ரான்கள் எங்கும் தேங்காமல் ஓடிவரச் சரிவு அமைப்பது. அவ்வளவுதான். ஒரு வருடமாக நான் மழைத்தண்ணீருக்கு வாட்டம் பார்க்கும் கொத்தனார்.

காது டாக்டரிடம் போங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 18

அம்மாடி,

காது டாக்டரிடம் போனேன். ஒரு மிஷின் மாட்டிவிட்டார். இப்போது வீட்டில் பிரிட்ஜ் ஓடும் சத்தம், கடிகாரச் சத்தம், குழாய் சொட்டும் சத்தம் எல்லாம் கேட்கிறது. ஆள் பேசும் சத்தம்தான் இல்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

'இன்னும்' என்று சொன்னாயா? சரி. நான் ஒரு மடையன். இதற்குமேல் எழுத வராது.

உன் கேமராவைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்று கேட்கவேண்டும். அவன் போனபிறகு ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், நேரில் கேட்க வாய் வரவில்லை. அன்று காலை நான் கீழே ஒரு நோயாளியோடு இருந்தேன். நீ கத்திக்கொண்டு படியிறங்கி வந்தாய். நான் மேலே ஓடிவந்தபோது அவன் தரையில் கிடந்தான். அதற்குமுன் என்ன நடந்தது? அவன் என்ன செய்துகொண்டிருந்தான், என்ன பேசினான்? மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை நான் கேட்கவில்லை. அவனைப் பற்றிக் கேட்கிறேன். அங்கே இருந்தது நீ மட்டும்தான்.

மாமா

*

மே 23

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னியுங்கள். சிப்புகள் வந்துவிட்டன. விரல்நகம் அளவுதான். இரண்டு வாரமாகச் சோதனை அறையிலேயே இருக்கிறேன். வெளிச்சம் துளியும் புகாதபடி கறுப்புத் திரை போட்ட அறை. உள்ளே போனால் பகலா மழையா எதுவும் தெரியாது. மற்றவர்கள் சோதனைக்கு நேரம் பிரித்துக்கொண்டு தனித்தனியாக வருவதால் பேச்சுத் துணையும் கிடையாது.

செய்தி நல்லதல்ல. ஒரு விளக்கை ஒரே ஒரு முறை மின்னவிட்டுப் படம் எடுத்தோம். விளக்கு அணைந்த பிறகும் அடுத்த மூன்று நான்கு படங்களில் அதன் மங்கலான சாயல் இருக்கிறது. எங்கோ எலக்ட்ரான்கள் தேங்கிப் பின்தங்கி வருகின்றன. ஆபீசில் இதற்குப் 'பேய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழுத் தலைவி நல்லவிதமாகத்தான் சொன்னாள். "இது தீரலன்னா அடுத்த சிப்புக்கு மேல இருக்கறவங்க சம்மதிக்க மாட்டாங்க. நாம எல்லாரும் வேற வேலை பாக்க வேண்டியதுதான்." சரிவு என்னுடையது. அதனால் பேயும் என்னுடையதுதான்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 6

சிப்பைப் பற்றி விவரமாக எழுதியிருந்தாய். நான் கேட்டது அது இல்லை.

மாமா

*

ஜூன் 19

மாமா,

அவர் புதுக் காபித்தூள் பாட்டில் ஒன்றைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். மூடி அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினார். மேசை விளிம்பில் தட்டினார். "இஞ்சினியர் சார், ஒரு மூடிக்கா இவ்வளவு போராட்டம்?" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"என்னமோ இன்னிக்கு கையில பலமே இல்ல. கீழ போகும்போது அப்பாகிட்ட குடு. அவர் ஒரே திருகுல தெறந்துடுவார்."

சொல்லிக்கொண்டே பாட்டிலை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டினேன். பாட்டில் என் கைக்கு வரவில்லை.

அவ்வளவுதான் மாமா. வலி என்று சொல்லவில்லை. பயப்படவில்லை. கடைசியாக அவர் வாயில் வந்தது நீங்கள்தான், நான் இல்லை.

இதை அந்த வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். 'கையில பலமே இல்ல' என்று அவர் சொன்னதும் வேறு யாராவதாக இருந்தால் என்னவென்று விசாரித்திருப்பார்கள். நான் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். நீங்கள் டாக்டர். கேட்டதும் உங்களுக்குப் புரிந்துவிடும், அதன்பிறகு தினமும் சாப்பாட்டு மேசையில் உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். வேலைக்காகத்தான் இங்கே வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாதி நிஜம்.

பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

*

ஜூலை 14

அம்மாடி,

உடனே எழுத முடியவில்லை. கோபத்தால் இல்லை.

நான் பல் டாக்டர். எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நீ பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒரே திருகில் திறந்துவிட்டு, "ஏண்டா, காலைல ஒண்ணும் சாப்பிடலையா?" என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தியிருப்பேன். அன்று முழுவதும் வருகிற நோயாளிகளிடம் எல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்திருப்பேன். நீ ஏன் விசாரிக்கவில்லை என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்: அவனுக்கு முப்பத்து நான்கு வயது, யார்தான் நினைப்பார்கள்?

அந்த பாட்டில் என்னிடம் வந்து சேரவில்லை. எனக்கு இருக்கிற வருத்தம் அது ஒன்றுதான். என் பெயரைச் சொன்னான் என்பதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே.

நீ உண்மையைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை என்று எழுதினேன் அல்லவா? கிளினிக்கே இல்லை. போன வருடம் மூடிவிட்டேன். கை நடுங்குகிறது. ஓர் அம்மாளுக்குப் பல் அடைக்கும்போது கருவி நழுவி உதட்டின் உட்புறம் கிழிந்துவிட்டது. அந்த அம்மாள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "பரவால்ல டாக்டர், உங்களுக்கு வயசாச்சில்ல" என்றார். அன்று சாயங்காலமே போர்டைக் கழற்றிவிட்டேன். நர்ஸையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். என் கையெழுத்து கோணிக்கொண்டு போவதை இத்தனை மாதம் நீ கேட்காமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்போது காலையில் கீழே இறங்கிப் போய், நோயாளி நாற்காலியில் நானே சாய்ந்துகொண்டு, மேலே இருக்கும் விளக்கைப் போட்டுப் பேப்பர் படிக்கிறேன். நல்ல வெளிச்சம். இத்தனை வருடம் அதில் படுத்தவர்கள் எல்லாம் எந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒட்டடை அடிக்கவேண்டும்.

இதைப் படித்துவிட்டு வேலையை உதறிவிட்டு ஓடிவராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். உன் பேயை முதலில் ஓட்டு.

மாமா

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் உங்கள் கை. நரம்பு டாக்டரைப் பார்த்தீர்களா? பல் டாக்டர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே முடிவுசெய்வது செல்லாது. போய்விட்டு எழுதுங்கள்.

பேய் போய்விட்டது. முழுதாக இல்லை. என் சரிவில் இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கின்றன. அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். எலக்ட்ரான்கள் அதில் விழுந்து, எழுந்து வர நேரமாகிறது. தயாராகி வந்த சிப்பில் பள்ளத்தைத் தூர்க்க முடியாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் மின்முனையின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் பள்ளம் சமனாகிறது. பத்து லட்சத்தில் இன்னும் சாயல் இருக்கிறது. ஐந்து லட்சத்தில் சுத்தம். விளக்கு இருக்கும் படத்தில் விளக்கு, அடுத்த படத்தில் இருட்டு. அப்படி ஒரு இருட்டைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

பிறகு ஒரு கண்ணாடித் தகட்டை உடைத்தோம். உடைத்தேன். விரிசல் ஒரு ஓரத்தில் புறப்பட்டு, நடுவில் இரண்டாகப் பிரிந்து, அந்தக் கோடி வரை ஓடுவது படம் படமாக வந்தது. சொல்வதற்குத் திரும்பினேன், யாரும் இல்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நடைவழியில் துடைப்பவர் நின்றிருந்தார். "கண்ணாடி உடைஞ்சுது! நல்லா உடைஞ்சுது!" என்றேன். "எங்கம்மா? பெருக்கணுமா?" என்று அவர் வாளியோடு ஓடிவந்தார்.

அடுத்த சிப்புக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. இரண்டு வருட வேலை. இருப்பதாகச் சொல்லிவிட்டேன் மாமா. உங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டால் 'இரு' என்றுதான் சொல்வீர்கள், அப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியில் போய்ப் படுத்துக்கொள்வீர்கள். அதனால் நான் ஒன்று கேட்கிறேன். நான் வருவதற்கு லீவு எப்போது கிடைக்குமோ. நீங்கள் வாருங்கள். ஒரு மாதம். உங்களுக்குக் கட்டில், எனக்குத் தரை. மாற்றிப் பேசக்கூடாது.

உங்கள் மருமகள்

*

செப்டம்பர் 8

வக்கீலம்மாவுக்கு,

நரம்பு டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லையாம். தேநீர்க் கோப்பையைப் பாதி மட்டும் நிரப்பினால் போதுமாம். இதைச் சொல்ல ஒரு டாக்டர்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இருபதாம் தேதி வருகிறேன். தரையில் நான்தான் படுப்பேன். முதுகுக்கு நல்லது.

ஒரு விஷயம். பிடுங்கிய பற்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. மாணவர்களுக்குக் காட்டலாம் என்று சுத்தம் செய்து வைத்திருந்தேன். உன் மிஷினில் கண்ணாடிக்குப் பதில் பல்லை உடைத்துப் பார்க்க முடியுமா? கடிக்கும் இடத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கிறது என்று என் வாழ்நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். படமாகப் பார்த்துவிட ஆசை. முடியாது என்றால் கேட்டதை மறந்துவிடு.

மாமா

*

அக்டோபர் 20

அன்புள்ள மாமாவுக்கு,

விமானம் ஏற்றிவிட்டு நேராக ஆபீஸ் போனேன். சாயங்காலம் அறைக்கு வந்தேன். அறை பழைய அளவுக்கே இருக்கிறது, ஆனால் பெரிதாகிவிட்டது.

பக்கத்து அறைக்காரர் படியில் நிறுத்தி, "அப்பா ஊருக்குப் போயிட்டாரா?" என்று கேட்டார். இத்தனை நாளாக இருமல் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். நீங்கள் வந்த இரண்டாம் நாளே அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்திருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவே இல்லை. "போயிட்டார்" என்றேன். அப்பா இல்லை, மாமனார் என்று திருத்தவில்லை.

ஆபீசில் உங்கள் பல்லைப் பற்றித்தான் இன்னும் பேச்சு. விமான நிலையத்தில் அதிகாரி டப்பாவைத் திறந்து, "இது என்ன?" என்று கேட்டதற்கு, "பல்லு. என்னோடது இல்ல" என்று நீங்கள் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். குழுத் தலைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆனால் எனக்கு வேறு ஒன்றுதான் மனதில் நிற்கிறது. பாதியாக அறுத்த அந்தக் கடைவாய்ப் பல்லை அழுத்தியபோது, விரிசல் மேலே கடிக்கும் இடத்தில் ஆரம்பிக்கவில்லை. உள்ளே, எனாமலின் அடியில் புறப்பட்டு வெளியே வந்தது. நீங்கள் மறுபடி போடச் சொன்னீர்கள். மறுபடி. பிறகு, "இத்தனை வருஷமா தப்பாச் சொல்லிட்டு இருந்திருக்கேன்மா" என்று கையைத் தட்டிச் சிரித்தீர்கள். அவர் போனபிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்த இருட்டறையில் என் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததும் அன்றுதான்.

நாளை புதிய சரிவை வரைய ஆரம்பிக்கிறேன். இரண்டு அடுக்கும் ஏறாதபடி இந்த முறை தள்ளிப் போடுகிறேன். போர்வையை மடித்துத் தரையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதை எடுத்து அலமாரியில் வைக்க இன்னும் மனம் வரவில்லை.

உங்கள் மருமகள்

*

அக்டோபர் 21

அம்மாடி,

டாக்ஸிக்காரர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பூட்டு ஒரு மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகவேண்டியிருந்தது. கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பழக்கதோஷம். அங்கே உன் ஆபீஸ் முடிந்து நீ தினமும் சொல்வாய் அல்லவா, எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பெட்டியைப் பிரிக்கவில்லை. ஜன்னலைத் திறக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வந்துவிட்டேன் என்பதை யாராவது ஒருவரிடம் சொன்னபிறகு மற்ற வேலையைப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

வந்து சேர்ந்துவிட்டேன்.

மாமா